கொரோனா காலமும் கிராமத்துக் கைமாற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் தொடங்கி 2021 கடைசி வரை நீண்ட கொரோனா ஊரடங்குகள் தமிழ்நாட்டுக் கிராமங்களை என்ன செய்தன என்று நகரத்து நண்பர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் என்னிடம் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்துக்காரன். அதனால் எங்கள் பகுதிக் கதை கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

கிராமத்தில் நெல் இருந்தது, ரேஷன் அரிசியும் வந்தது. அப்புறம் என்ன பெரிய கஷ்டம்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் நாட்டின் பொருளாதாரம் 23.9 விழுக்காடு சுருங்கியது என்று அரசு அறிவித்தபோது, வேளாண்மை மட்டும் 3.4 விழுக்காடு வளர்ந்திருந்தது. அந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் கிராமம் தப்பித்துவிட்டது என்று எழுதினார்கள்.

அந்தக் கணக்கில் வருவது விளைச்சல். ஒரு கிராமத்து வீட்டுக்குள் வரும் காசு அதில் முழுதாக வராது. வீட்டில் ஒருவர் வயலில் இருப்பார், ஒரு பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பான், மருமகன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார், அம்மா 100 நாள் வேலைக்குப் போவார். நாலு பக்கமும் வந்தால்தான் அடுப்பு நிம்மதியாக எரியும். மூன்று பக்கம் ஒரே நாளில் அடைபட்டது.

இன்னொன்றும் உண்டு. கிராமம் கைமாற்றில் ஓடுகிறது. தேங்காய் வெட்டிய காசு வந்தால் மளிகைக்கடைப் பாக்கி அடையும். மளிகைக்காரர் அதைச் சீட்டுக்குக் கட்டுவார். சீட்டு எடுத்தவர் மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டுவார். ஒரே 500 ரூபாய்த் தாள் ஒரு வாரத்தில் ஆறு வீட்டுக் கடனை அடைத்துவிட்டு மறுபடி புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேரும். அந்தச் சுற்று நின்றதுதான் பெரிய அடி. பட்டினி கிடந்தால் வெளியில் தெரிந்துவிடும். இது வெளியில் தெரியாமல் அடகுக்கடைச் சீட்டாகவும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பாத பிள்ளையாகவும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஊரடங்கின் முதல் வாரங்களில் கிராமங்கள் எப்படி இருந்தன?

2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஊரடங்கு. 24-ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு, அன்று இரவு 12 மணியிலிருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. பேருந்து நின்றதுமே கிராமம் தீவாகிவிட்டது.

பல ஊர்களில் எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டுப் பாதையை அடைத்தார்கள். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து வேப்பிலை கட்டினார்கள். அம்மை போட்ட வீட்டுக்குச் செய்வதைத்தான் ஊருக்கே செய்தார்கள். நகரத்தில் சிலர் இதைப் பார்த்துச் சிரித்தார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொற்று வந்தால் அருகில் ஆஸ்பத்திரி இல்லாத ஊர், தனக்குத் தெரிந்த வழியில் தன்னைக் காத்துக்கொண்டது.

ஆனால் அந்த முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் நம் பிள்ளைகள்தான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இருசக்கர வண்டியிலும் லாரியிலும் நடந்தும் வந்தவர்களை ஊருக்குள் விடாமல் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்க வைத்தார்கள். சில இடங்களில் தோப்புக் கொட்டகையில். பெற்ற தாய் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். பையன் எடுத்துச் சாப்பிடும்வரை அந்த அம்மா புளியமரத்தடியில் நின்றுகொண்டே இருந்தார்.

கோயம்பேடு சந்தைக்கும் கிராமத்துக்கும் என்ன தொடர்பு?

சென்னைக் கோயம்பேடு காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர்களில் பலர் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டத்துக் கிராமத்துக்காரர்கள். 2020 ஏப்ரல் கடைசியில் சந்தையில் தொற்று பரவியது. மே 5-ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அதற்கு முன்பும் பின்புமாக வேலையில்லாமல் ஊர் திரும்பியவர்களோடு தொற்றும் போனது. அதுவரை ஒற்றை இலக்கத்தில் இருந்த மாவட்டங்களில் எண்ணிக்கை திடீரென்று நூற்றுக்கணக்கில் ஏறியது.

அதன்பிறகு ‘கோயம்பேட்டுக்காரன்’ என்பதே ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. ஊருக்குக் காசு அனுப்பிக்கொண்டிருந்தவன் ஒரே வாரத்தில் ஊருக்கு நோய் கொண்டுவந்தவன் ஆனான். அவன் குடும்பத்துக்குத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கவே தயக்கம் வந்தது. தொற்று இரண்டு வாரத்தில் போய்விட்டது, பேச்சு போக மாதங்கள் ஆயின.

விவசாயத்துக்கு ஊரடங்கில் விலக்கு இருந்ததே. விவசாயிக்கு எப்படி நட்டம் வந்தது?

விலக்கு முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. வயலுக்குப் போகலாம், அறுக்கலாம். வாங்குபவனுக்குத்தான் விலக்கு இல்லை. ஓட்டல், கல்யாண மண்டபம், கோயில், டீக்கடை, ஜூஸ் கடை எல்லாம் மூடியிருந்தால் விளைந்ததை யாரிடம் விற்பது?

பங்குனியும் சித்திரையும் தர்ப்பூசணிக்காலம். திண்டிவனம், மதுராந்தகம் பக்கம் காய் கொடியிலேயே கிடந்து வெடித்தது. வாழைத்தாரும் இலையும் அப்படித்தான். மல்லிகை நிலவரம் இன்னும் மோசம். மதுரை, உசிலம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கம் கோடையில்தான் பூ நிறையப் பூக்கும், கல்யாணமும் திருவிழாவும் அப்போதுதான் வரும். அந்த ஆண்டு சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கவில்லை, மீனாட்சி கல்யாணத்தை மக்கள் வீட்டிலிருந்து திரையில் பார்த்தார்கள். பறித்தால் ஆள் கூலிக்கே கட்டாது என்று பூவைச் செடியிலேயே விட்டவர்கள் உண்டு, பறித்துக் குப்பையில் கொட்டியவர்களும் உண்டு.

பாலுக்கு ஆவின் கைகொடுத்தது. ஆனால் சங்கத்தில் உறுப்பினராக இல்லாமல் டீக்கடைக்கும் தனியார் வண்டிக்கும் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் தவித்துப்போனார்கள்.

நெல் விவசாயிக்கு 2020 அவ்வளவு கெட்ட ஆண்டல்ல, அதையும் சொல்ல வேண்டும். 8 ஆண்டுகளுக்குப் பிறகு ஜூன் 12-ஆம் தேதி, குறித்த நாளில் மேட்டூர் அணை திறந்தது. டெல்டாவில் குறுவை நன்றாக வந்தது. தண்ணீரும், நெல்லை எடுத்துக்கொள்ளும் அரசுக் கொள்முதல் நிலையமும் சேர்ந்து இருந்த இடத்தில் விவசாயி நிமிர்ந்து நின்றார். பூவுக்கும் பழத்துக்கும் அப்படி ஒரு நிலையம் கிடையாது.

100 நாள் வேலை எவ்வளவு உதவியது?

நிறைய. தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2019-20-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 265 கோடி மனித நாள் (ஒரு ஆள் ஒரு நாள் செய்யும் வேலை) வேலை நடந்தது. 2020-21-இல் அது 389 கோடி ஆனது. ஒன்றிய அரசு 61,500 கோடி ரூபாயாக இருந்த ஒதுக்கீட்டுக்கு மேல் 40,000 கோடி சேர்த்தது. தமிழ்நாட்டில் நாள்கூலி 2020 ஏப்ரல் முதல் 229 ரூபாயிலிருந்து 256 ஆக உயர்ந்தது.

அறிவித்த கூலி முழுதாகக் கைக்கு வருவது குறைவு. வெட்டிய மண்ணை அளந்துதான் கூலி. காசு வங்கிக் கணக்குக்கு வர வாரக்கணக்கில் ஆகும், அதை எடுக்க டவுனுக்குப் போக வேண்டும், பேருந்தோ ஓடவில்லை. வயதானவர்களைத் தொற்று பயத்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று பல இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கூலியை மட்டும் நம்பியிருந்த தனிக்கட்டைக் கிழவிகள்தான் அதில் அதிகம்.

ஆனாலும் இந்த 100 நாள் வேலை இல்லாமல் இருந்திருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஐடிஐ படித்த பையன்கள்கூட மண்வெட்டியோடு வந்து நின்ற காலம் அது.

அரசு கொடுத்த பணம்?

மாநில அரசு 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருள்களும் தந்தது. 2021-இல் புதிய அரசு மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் 14 வகை மளிகைப் பொருள்களும் தந்தது. ஒன்றிய அரசு பெண்களின் ஜன்தன் கணக்கில் மூன்று மாதம் 500 ரூபாய் போட்டது, ஆளுக்கு 5 கிலோ தானியம் கூடுதலாகக் கொடுத்தது.

ரேஷன் கடை மட்டும் வலுவாக இல்லாவிட்டால் தமிழ்நாடு பட்டினிச் சாவைப் பார்த்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். விட்டுப்போனவர்களையும் சொல்ல வேண்டும். குத்தகைக்கும் போகியத்துக்கும் நிலம் எடுத்து உழுபவர் பெயரில் பட்டா இருக்காது. விவசாயிக்கென்று வந்த நிதியோ, 2021 பிப்ரவரியில் அறிவித்த 12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியோ நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போனது. உழுதவர் வெளியில் நின்றார்.

மகளிர் குழுக் கடனுக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்களே?

ரிசர்வ் வங்கி முதலில் மூன்று மாதம், பிறகு மூன்று மாதம் என்று 2020 ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றது. தவணைதான் தள்ளிப்போனது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. இது நிறைய பெண்களுக்குத் தெரியாது. ‘ஆறு மாசம் கட்ட வேண்டாம்’ என்பதைத் தள்ளுபடி என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். வட்டிக்கு வட்டியைத்தான் பிற்பாடு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, வட்டியை அல்ல.

நுண்கடன் நிறுவனங்களின் வாரக்கடன், மாதக்கடன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இதன் வலி புரியும். பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு. யாரிடமும் ஈடு கிடையாது, ஒருவருக்கு மற்றவர்கள் ஜாமீன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் அவள் வீட்டு வாசலில் உட்கார வேண்டும். கடன்காரன் வந்து கேட்டால் ஒரு மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா வந்து கேட்டால்?

எங்கள் தெருவில் வசூலுக்கு வந்தவர் அவகாசம் இருக்கும்போதே வந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. “கட்டினா அடுத்த லோன் கிடைக்கும், கட்டலைன்னா குழு முழுக்க நின்னுபோகும்” என்றார். அவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அன்று சாயங்காலமே இரண்டு பேர் தோட்டைக் கழற்றினார்கள்.

நகை அடகு அவ்வளவு பெரிய விஷயமா? திருப்பிக்கொள்ளலாமே?

கிராமத்துப் பெண்ணுக்கு நகைதான் வங்கி. நாற்று நட ஒருமுறை, பிள்ளைக்குப் பீஸ் கட்ட ஒருமுறை என்று அடகுக்குப் போய்ப் போய்த் திரும்பி வரும். கொரோனாவில் போனது திரும்பி வரவில்லை, அதுதான் வித்தியாசம்.

2020 ஆகஸ்டில் தங்கம் பவுன் 40,000 ரூபாய்க்கு மேல் விற்றது. அதே மாதம், நகை மதிப்பில் 75 விழுக்காடு வரை கொடுத்துவந்த வங்கிகள் 90 விழுக்காடு வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி தளர்த்தியது. அவசரத்துக்குக் கூடுதல் காசு கிடைத்தது நல்லதுதான். ஆனால் கடன் பெரிதாகப் பெரிதாகத் திருப்பும் நாள் தள்ளிப்போகும். வருமானம் பழைய நிலைக்கு வருவதற்குள் வட்டி ஏறிக்கொண்டே போய், நகை ஏலத்துக்குப் போனது.

2021 செப்டம்பரில் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரை வைத்த நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. ஏறத்தாழ 48 லட்சம் கடன்களைப் பரிசீலித்ததில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவை விதிகளுக்குள் வரவில்லை. தனியார் அடகுக்கடையில் வைத்தவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. அவசரத்துக்குப் போகிறவள் எங்கே போவாள்? இரவு 8 மணிக்கும் திறந்திருக்கும் கடைக்குத்தான்.

உங்கள் பகுதியில் மொய் விருந்து என்று ஒன்று உண்டாமே, அது எப்படிப் பாதிக்கப்பட்டது?

எங்கள் பகுதிக்கு வெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்குவது கஷ்டம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி, தஞ்சையில் பேராவூரணி சுற்றுவட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமல், மொய் வாங்குவதற்கென்றே கறிச்சோறு போட்டு வைக்கும் விருந்து. பத்துப் பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பதும் உண்டு. வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். ஒருவர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் வைக்கலாம். நான் உங்களுக்கு 2,000 எழுதினால், என் முறை வரும்போது நீங்கள் அந்த 2,000-ஐயும், மேலே புதுநடையாக ஒரு தொகையையும் எழுத வேண்டும். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. நோட்டும் வார்த்தையும்தான். அந்தப் பணத்தில் போர்வெல் போட்டவர்கள், பையனை வெளிநாடு அனுப்பியவர்கள், மகளைக் கட்டிக்கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னையை வேரோடு சாய்த்தது. அப்போதே எழுதும் கை தளர்ந்துவிட்டது. தலையெடுக்கும் நேரத்தில் கொரோனா. 2020 ஆடியில் பந்தல் போட முடியவில்லை. கல்யாணத்துக்கே 50 பேர்தான் என்ற காலத்தில் ஆயிரம் பேருக்கு எப்படி இலை போடுவது?

அந்த ஆண்டு முறை வந்தவர்களின் நிலையை நினைத்துப்பாருங்கள். நான்கு ஆண்டுகளாக ஊருக்கெல்லாம் எழுதியிருப்பார்கள். இந்த ஆடியில் திரும்பி வரும் என்று நம்பி வீட்டுக்குக் கடைக்கால் போட்டிருப்பார்கள், வட்டிக்கு வாங்கியிருப்பார்கள். வரவில்லை. எங்கள் உறவில் ஒரு பெரியப்பா மொய் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கம் பக்கமாகப் பெயரும் தொகையும். மொத்தமாகக் கூட்டினால் நாலு லட்சத்துக்கு மேல் வர வேண்டியது. “எல்லாரும் தர்றவங்கதான்டா, யார்கிட்டயும் இல்லை” என்று மட்டும் சொன்னார்.

2021 ஜனவரியில் மதுரையில் ஒரு குடும்பம் கல்யாணப் பத்திரிகையிலேயே கூகுள் பே, போன் பே கியூஆர் கோடு அச்சடித்து மொய் வாங்கியது செய்தியானது. எங்கள் பக்கமும் சிலர் போனில் அனுப்பினார்கள். ஆனால் நேரில் வந்து, சாப்பிட்டு, ‘எழுதியாச்சா?’ என்று நாலு பேர் பார்க்க எழுதும் பணம் வேறு. பார்க்க ஆள் இல்லாதபோது தள்ளிப்போடுவதும் சுலபம்.

பள்ளிக்கூடம் மூடியதன் விளைவு?

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, 2020 மார்ச்சில் மூடிய பள்ளி 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. ஒன்றாம் வகுப்பில் ‘அ’ எழுதிக்கொண்டிருந்த பிள்ளை திரும்பி வந்தபோது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தது. இடையில் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

தனியார் பள்ளிக்குப் பீஸ் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் ஏராளம். அதில் எனக்கு வருத்தமில்லை. பள்ளிக்கே வராமல் போனவர்கள்தான் மனதை அறுக்கிறார்கள். எட்டாவது, ஒன்பதாவது படித்த பையன்கள் செங்கல் சூளைக்கும் பெயிண்ட் அடிக்கும் வேலைக்கும் போனார்கள். கையில் 400 ரூபாய் பார்த்துவிட்டவனை மறுபடி பெஞ்சில் உட்காரவைப்பது லேசல்ல.

2021 அக்டோபர் 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய்க்கு ஊர்ப் பெண்களே சாயங்காலம் பாடம் எடுத்தார்கள். கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் நடந்த அந்த வகுப்புகள் செய்த நன்மையை நான் கண்ணால் பார்த்தேன். கல்யாணமாகி வீட்டோடு இருந்த பட்டதாரிப் பெண்களுக்கும் அது ஒரு வாசலைத் திறந்துவிட்டது.

பெண் பிள்ளைகளுக்கு?

அவசரக் கல்யாணங்கள் நடந்தன. பள்ளி இல்லை, செலவும் குறைவு, 50 பேரோடு முடித்துவிடலாம், வயதைக் கேட்க யாரும் வரமாட்டார்கள் என்ற கணக்கு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தகவல் போய் நின்றவை உண்டு, தெரியாமலே முடிந்தவையும் உண்டு. பள்ளிக்கூடம் திறந்திருந்தால், ‘ஏன் அந்தப் பிள்ளை வரல?’ என்று கேட்க ஒரு டீச்சராவது இருந்திருப்பார்.

கூத்து, நாதஸ்வரம், கரகாட்டக் கலைஞர்கள்?

பங்குனி முதல் ஆடி வரைதான் அவர்களுக்கு ஆண்டு முழுவதற்குமான வருமானம். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அது போனது. நலவாரியத்தில் பதிவு செய்தவர்களுக்குச் சிறு தொகை கிடைத்தது, பதியாதவர்களுக்கு அதுவும் இல்லை. தவில்காரர் ஒருவர் எங்கள் ஊரில் மீன் விற்க வந்தார். கூப்பிட்டு விலை கேட்கத் தயங்கித் தெருவே வாசலில் நின்றது.

2021-இன் இரண்டாம் அலை கிராமத்தில் எப்படி இருந்தது?

முதல் அலையில் காசு போனது. இரண்டாவதில் ஆள் போனது. 2021 மே மூன்றாம் வாரத்தில் தமிழ்நாட்டில் ஒருநாள் தொற்று 36,000-ஐத் தாண்டியது. கிராமத்தில் காய்ச்சல் என்றால் மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு நாலு நாள் பார்ப்பார்கள். மூச்சு வாங்கியதும் வண்டி பிடித்து மாவட்டத் தலைநகர் போவதற்குள் நேரம் கடந்துவிடும்.

தடுப்பூசிக்கும் தயக்கம் இருந்தது. நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பு வந்து ஏப்ரல் 17-ஆம் தேதி இறந்தது கிராமங்களைப் பெரிதும் உலுக்கியது. ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக்குழு பின்னர் சொன்னது, அந்தச் செய்தி அவ்வளவு தூரம் பரவவில்லை. செப்டம்பரில் ஊர் ஊராக முகாம் போட்டு, தெரிந்த கிராம நர்ஸ் வாசலில் வந்து நின்ற பிறகுதான் மக்கள் கையை நீட்டினார்கள்.

கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு அரசு அறிவித்த 50,000 ரூபாய் எல்லாருக்கும் கிடைத்ததா?

பரிசோதனைச் சீட்டோ, கொரோனாவால் என்று சொல்லும் மருத்துவச் சான்றோ உள்ளவர்களுக்குக் கிடைத்தது. வீட்டிலேயே காய்ச்சலில் இறந்தவர்களுக்கு எந்தச் சீட்டும் இல்லை. இறப்புப் பதிவில் ‘மூச்சுத்திணறல்’, ‘மாரடைப்பு’ என்று இருந்தால் மேல்முறையீடு செய்ய வேண்டும், அதற்குக் காட்டவும் காகிதம் வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மாநில அரசு 5 லட்சமும் ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சமும் அறிவித்தது. அதற்கும் அதே காகிதம்தான்.

மொய் விருந்து இப்போது பழையபடி நடக்கிறதா?

நடக்கிறது. ஆடி பிறந்தால் பந்தல் எழும்புகிறது, பத்திரிகை வருகிறது. புதுநடை மட்டும் முன்போல் தாராளமாக விழுவதில்லை. பழைய கணக்கை முடித்துக்கொண்டு ஒதுங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பெரியப்பா இரண்டு ஆண்டு தள்ளி விருந்து வைத்தார். வர வேண்டியதில் முக்கால் பங்கு வந்தது. நோட்டில் வராத பெயர்களுக்கு நேரே அவர் எதுவும் எழுதவில்லை. அதில் மூன்று பேர் இரண்டாம் அலையில் போய்ச் சேர்ந்தவர்கள். ஒருவருடைய மகன், பன்னிரண்டாவது படிக்கிற பையன், அப்பா பெயரைச் சொல்லி 500 ரூபாய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போனான். பெரியம்மா பின்னாலேயே போய்க் கூட்டிவந்து இலை போட்டார்.